பஸ்ஸில் வந்த லாரி

விளக்கெண்ணெய் கருகினால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மருந்து. ஆஸ்பத்திரிக்குள் யாரோ அல்வா கிண்டுகிற மாதிரி. போன வாரம் நாகமலைப் பக்கம் காலையில் நடந்துகொண்டிருந்தபோது அது என் மூக்கில் ஏறியது. மைதானத்தில் யாரோ பொம்மை விமானம் ஒன்றைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ர்ர்ரீஈஈ என்று ஒரு அலறல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகை. என் மனைவி தனம் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் நான் இல்லை. ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

"லாரி ஞாபகம் வந்துருச்சாக்கும்" என்றாள்.

வந்துவிட்டது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். பத்துச் சக்கர டிப்பர் உரசிக்கொண்டு போனாலும் அசராத நான், ஒரு முழ நீளமே இருந்த ஒரு லாரிக்குப் பயந்து நடுங்கியவன். அதை என் கையாலேயே செய்தவனும் நான்தான்.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடு. ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிஸ்டனை மேலிருந்து, பக்கவாட்டில், குறுக்கே வெட்டி என எப்படிக் கேட்டாலும் வரைவேன். ஒரு பிஸ்டனைக்கூடக் கையால் தொட்டதில்லை. (மாணவர்களுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் பாஸாகிவிட்டார்கள்.) என் மனசும் ஓரிடத்தில் உட்காராது. ஆறு மாசம் புல்லாங்குழல், ஆறு மாசம் தேனீ. தேனீக்கள் என்னைவிட்டுப் போன ஆறாவது நாள் அந்தப் பெட்டி கூரியரில் வந்தது.

ரிமோட்டில் ஓடும் லாரி. பேட்டரியில் ஓடுகிற சவலைப் பிள்ளை இல்லை. நைட்ரோ இன்ஜின் லாரி. நிஜமான எரிபொருள், நெல்லிக்காய் அளவில் நிஜமான பிஸ்டன், நிஜமான புகைக்குழாய். முழுசாக வராது. உதிரி உதிரியாகப் பொட்டலங்களில் வரும், நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கவிழ்த்தபோது தரையெல்லாம் திருகாணி. எறும்புப் புற்றைக் கிளறிய மாதிரி அவை நாலாபக்கமும் ஓடின. தனத்தின் இட்லித் தட்டை எடுத்துக் குழிக்கு ஒரு ரகமாகப் பிரித்து வைத்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. தோசைதான்.

வேலை செய்யச் செய்யத்தான் பயம் வந்தது. அதுவரை இயந்திரம் என்பது எனக்குக் காகிதத்தில் கிடக்கும் சாதுவான கோடு. இங்கே பல்சக்கரம் பல்சக்கரத்தைக் கடித்தது. சின்ன ஸ்பிரிங் ஒன்று கையிலிருந்து தெறித்து, என் கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அதைவிட அந்த எரிபொருள். விளக்கெண்ணெய் கலந்தது. இளஞ்சிவப்பில், ரோஸ் மில்க் மாதிரி அழகாக இருக்கும். பாட்டிலில் மண்டையோட்டுப் படம். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: பற்றிக்கொண்டால் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வரியைப் படித்த நாளிலிருந்து நான் பழைய ஆளாக இல்லை. தெரிகிற தீ என்றால் ஓடலாம். தெரியாத தீயிலிருந்து எந்தப் பக்கம் ஓடுவது? வெயில் விழுந்த தரையில் காற்று லேசாக அலைந்தாலும் இரண்டடி பின்னால் குதிப்பேன். பல் துலக்கும்போது, அந்தப் பாட்டிலைப் பூட்டிவைத்த அலமாரியைத் தடவிப் பார்ப்பேன், சுடுகிறதா என்று.

"எதுக்கு அலமாரியக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்பாள் தனம்.

இன்ஜினைப் பூட்டி, லாரியை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றைச் சுண்டினேன். பத்து நாள் சுண்டினேன். கட்டைவிரல் கொப்பளித்ததுதான் மிச்சம். பதினோராம் நாள், சலித்துப்போய் ஒரு இழுப்பு இழுத்தபோது, எருமை அளவுக்கு வளர்ந்த கொசு ஒன்று என் எதிரில் கத்தியது. நான் பின்னால் சாய்ந்து துளசிச் செடியின் மேல் விழுந்தேன். புது இன்ஜினைச் சும்மா உறும விட்டே நாலு டேங்க் எரிபொருளைத் தீர்க்கணும், அப்போதுதான் அது பழகும் என்று புத்தகம் சொன்னது. அப்படியே செய்தேன். ரிமோட்டில் வேகத்துக்கான விசையை இழுத்தால் மட்டும் உறுமல் அடங்கி இன்ஜின் நின்றுவிடும். புதுசு அல்லவா, வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். (இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம்.)

பாக்கி இருந்தது மேலே மாட்டுகிற பாடி ஒன்றுதான். சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமனார் போன் செய்தார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்ட மாட்டார், முறைக்க மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். எட்டு மாதத்தில் என்னிடம் பேசியது மொத்தம் ஐந்து வாக்கியம் இருக்கும், அதில் மூன்று "சாப்பிடுங்க." அவர் மௌனமாக இருக்கும்போது, நான் ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டிருப்பது போலவும், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று விடைத்தாளைப் பார்ப்பது போலவும் இருக்கும்.

"என்னத்தா பண்றாரு மாப்பிள்ளை?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"லாரிக்குப் பாடி கட்டிக்கிட்டு இருக்காருப்பா" என்றாள் தனம். அவள்மேல் தப்பில்லை. நான் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சொந்தமாவா?"

"சொந்தந்தான்."

"எத்தன டயரு?"

"நாலுதான்ப்பா."

"சின்ன வண்டிதான், பரவால்ல. டீசலா?"

"இல்லப்பா, என்னமோ தனி எண்ணெயாம்."

"ம்ம். முடிஞ்சதும் ஊருக்குக் கொண்டாரச் சொல்லு. வெள்ளிக்கிழம நல்ல நாளு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மாமனார் என் பொம்மை லாரியைப் பார்க்க ஆசைப்படுகிறார்! அன்றைக்கு இன்னொரு கோட்டிங் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் பேரையூர் பஸ் ஏறினோம். மடியில் அட்டைப்பெட்டி. எரிபொருள் பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றித் தனத்தின் சோற்றுப் பைக்குள் ஒளித்திருந்தேன். (பஸ்ஸில் அதைக் கொண்டுபோனதே பெரிய குற்றம். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. யாரும் செய்துவிடாதீர்கள்.) முன் சீட்டுக்காரர் தீப்பெட்டிக் குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார். அந்தக் குச்சியிலிருந்து நான் கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே மேற்கு மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மச்சினன் முத்து போன் செய்தான்.

"மச்சான், லாரி எங்க வருது?"

"திருமங்கலம் தாண்டிட்டோம்ப்பா."

"யாரு ஓட்டுறா? நீங்களா?"

"ஓட்டலப்பா. பஸ்ல வருது."

"எது பஸ்ல வருது?"

"லாரி."

அவன் சிரித்தான். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அவன் நிறுத்தினான், நான் நிறுத்தவில்லை.

"மச்சான், வெளையாடாதீங்க. களத்துல எம்பது மூட்டை மக்காச்சோளம் கட்டிக் கெடக்கு. எங்களது மட்டுமில்ல, இன்னும் நாலு வீட்டுச் சோளம். காலையில கமிஷன்கடைக்காரரு லாரி அனுப்புனாரு. என் மாப்பிள்ளை லாரி வருது, மொத லோடு அதுலதான்னு அப்பா திருப்பி அனுப்பிட்டாரு. மேற்க இருட்டிக்கிட்டு வருது, பாத்தீங்களா? நனைஞ்சா அம்புட்டும் முளைச்சுப் போகும். வெரசா வாங்க."

போனை வைத்துவிட்டான். நான் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். பெட்டிக்குள் என் லாரி. அதன் முதுகில் ஒரு டிபன்பாக்ஸ் வைக்கலாம், சின்னதாக இருந்தால்.

"தனம். உங்கப்பாகிட்ட இது பொம்மைன்னு நீ சொல்லலியா?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். பாடி கட்டுறேன்னீங்கல்ல?"

நாமக்கல் பக்கம் பட்டறை பட்டறையாக லாரிக்குப் பாடி கட்டுகிற நாடு இது. இந்த நாட்டில் ஒருத்தன் அந்த வார்த்தையைச் சொன்னால் கேட்கிறவர் எதை நினைப்பார்? அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். ஒவ்வொரு நிறுத்தமும் என்னைக் கூப்பிட்டது. பருத்திக்காடுகள், கருவேலங்காடுகள், வெடித்த கரிசல் மண். அந்த வெடிப்பில் ஒன்று கொஞ்சம் அகலமாக இருந்தால் உள்ளே இறங்கியிருப்பேன்.

ஊர் விலக்கில் பஸ் நின்றது. முப்பது பேர் நின்றார்கள். ஆரத்தித் தட்டு, எலுமிச்சம்பழம், சூடம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஒரு செவ்வந்தி மாலை. லாரி முகத்துக்கு அளவெடுத்துக் கட்டியது. நான் பெட்டியோடு இறங்கினேன். பஸ் போனது. எல்லோரும் பஸ் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி பின்னால வருதா மாப்ள?" என்றார் மாமனார்.

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன்.

சிவப்புப் பளபளப்பு. நாலு டயர். ஊரே குனிந்து பார்த்தது. பிறகு ஊரே நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தது.

தலைப்பாகை கட்டிய ஒருவர், களத்தில் அவருக்கும் பதினைந்து மூட்டை கிடந்தது, மெதுவாகக் கேட்டார்: "இதுல ஒரு மூட்டைய வச்சா..."

"மூட்டைய விடுண்ணே, ஒரு கருத வையி பாப்போம்" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு வெடித்தது. மாமனார் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன்.

முத்து டிராக்டர் தேடி மோட்டார் சைக்கிளில் பறந்தான். மற்றவர்கள் களத்துக்கு நடந்தார்கள். டிராக்டர் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், மாலையை வீணாக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, அதை லாரிக்குப் போட்டார்கள். லாரி காணாமல் போனது. பூவை விலக்கி அதைத் தேடி எடுத்தார்கள். டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் எரிபொருளை ஊற்றினேன். நிமிர்ந்தால், என் மூக்குக்கு நேரே சூடத் தட்டு. எரிந்துகொண்டு.

"அணைங்க! அணைங்க!" என்று கத்தினேன். தட்டைத் தட்டிவிட்டேன். சூடம் மண்ணில் விழுந்து அணைந்தது.

சூடத்தைத் தட்டிவிட்ட மாப்பிள்ளையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எப்படியாவது அவர்கள் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்ற வெறியில் கயிற்றைச் சுண்டினேன். பத்து நாள் கெஞ்சியும் அசையாத சனியன் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

விசையை இழுத்தேன். லாரி நகரவில்லை. எலுமிச்சம்பழத்தை முட்டிக்கொண்டு முனகியது. "பழத்துக்கே தெணறுது, பாவம்" என்றார் தலைப்பாகைக்காரர். இன்ஜின் நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் விசையை எதிர்ப்பக்கம், அதாவது பிரேக் பக்கம் தள்ளினேன்.

பறந்தது.

வீட்டில் செங்கல் மேல் வைத்து நாலு டேங்க் ஓட்டியவன், ஒரு தடவைகூட இறக்கி ஓட்டிப் பார்க்கவில்லை. விசையைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். போ என்றால் நிற்கும், நில் என்றால் போகும். நான் பயந்து பிரேக்கை அழுத்தினேன், அது இன்னும் வேகமாக ஓடியது. அது வேகமாக ஓட ஓட நான் இன்னும் பயந்து இன்னும் அழுத்தினேன். விரலை எடுத்திருந்தால் போதும். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. கோழிகள் கூரைக்கு ஏறின. முப்பது பேரும் முப்பது திசையில் ஓடினார்கள். மாமனார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். லாரி அவர் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, வேட்டி நுனியைத் தொட்டுக்கொண்டு போய், அடுக்கிவைத்த சோள மூட்டையில் முட்டிக் கவிழ்ந்து, சக்கரம் நாலையும் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டு அலறியது. டேங்க் மூடி திறந்து, கொதித்துக் கிடந்த இன்ஜின் மேல் ரோஸ் மில்க் வழிந்தது. இன்ஜின் இருமி நின்றது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். லாரிக்கு மேலே காற்று அலைந்தது. சிவப்பு பாடி, யாரும் தொடாமலே, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. மாமனார் அதைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க மாமா! தீ!"

"எங்க?"

"அங்க!"

"எங்க மாப்ள?"

களத்தில் இன்னும் வெயில் இருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இல்லாத தீயை மாப்பிள்ளை கையால் மண் அள்ளி அள்ளி அணைப்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். "ஐயோ பாவம், மூளை கலங்கிருச்சு" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை, அதற்கப்புறம் ஐந்து வீட்டு வருஷப் பாடு. மழைக்குத் தப்பினாலும் என்னால் எரிந்துபோகும். மண்டி போட்டு, சட்டையைக் கழற்றி, ஆரத்தித் தண்ணீரை ஊற்றி, வாய்விட்டு அழுதுகொண்டே மண்ணைப் போட்டேன். சாக்கின் மூலை பழுத்து, கறுத்து, மஞ்சளாக ஒரு நாக்கை நீட்டியது. உள்ளே இருந்து சோளம் பட், பட் என்று வெடித்தது.

"ஏய், நெசமாவே தீடா!"

அப்புறம் முப்பது ஜோடிக் கைகள். ஒரே நிமிஷம். ஒரு மூட்டையில் கால்வாசி கருகியது. மற்றது தப்பியது.

முதல் துளி என் முதுகில் விழுந்தது. டிராக்டர் கிடைக்கவில்லை என்று முத்து வெறுங்கையோடு வந்தான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை. நூறு காலடி தள்ளி ஊர்ச் சாவடி இருந்தது. மூட்டைகளை அங்கே சுமக்க ஆரம்பித்தார்கள். நானும் போய் முதுகைக் காட்டி நின்றேன். ஏற்றிவிட்டவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். முதல் மூட்டையோடு குப்புற விழுந்தேன். இரண்டாவதோடு பாதி தூரம். மூன்றாவது சாவடி வாசலைத் தொட்டது. தோல் உரிந்த தோளில் மழையும் வியர்வையும் எரிந்தன. அந்த எரிச்சல் கண்ணுக்குத் தெரியாத ரகம்தான், ஆனால் அதற்கு நான் பயப்படவில்லை. எட்டு நடை போனேன். ஒவ்வொரு நடையிலும் எதிரே மாமனார் வந்தார், தன் மூட்டையோடு. கடைசி இரண்டு மூட்டை நன்றாக நனைந்தன. மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை, தான் திருப்பி அனுப்பிய கமிஷன்கடைக்காரரிடமே அவர் சைக்கிளில் போனார், லாரி கேட்க. "நானும் வாரேன் மாமா" என்றேன். "வேணாம்" என்றார். அந்தச் சைக்கிள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் எவ்வளவு தூரம் மிதிக்க வேண்டியிருந்தது! மதியத்துக்குள் லாரி வந்தது. நிஜ லாரி. சோளம் போய்ச் சேர்ந்தது.

இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. அந்த ஊரில் இன்றைக்கும் சொன்ன சாமான் சின்னதாக வந்தால் அதற்குப் பேர் "மாப்பிள்ளை லாரி"தான். பட்டுச்சேலை கேட்டவளுக்குக் கைக்குட்டை வந்தால், மாப்பிள்ளை லாரி. கல்யாண வீட்டில் லட்டு சிறுத்தால், மாப்பிள்ளை லாரி. ஒரு தேர்தலில் பெரிய பாலம் கட்டித் தருகிறேன் என்றவர் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டுப் போனபோது, திறப்பு விழாவிலேயே அந்தப் பேரைச் சொல்லிவிட்டார்களாம். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

ஆனால் எனக்கு மறக்காதது, சோளம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம். ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். என் கையில் பெட்டி; உள்ளே உருகிய பாடியும் கரிந்த டயருமாக அந்தப் பிணம். மாமனார் வழியனுப்ப வந்தவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தது. திடீரென்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். திறந்தார். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். எறியட்டும் என்றும் நினைத்தேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தை எடுத்தார். லாரியின் முதுகில், கருகாத இடமாகப் பார்த்துக் கொட்டினார். ஒரு மணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் வைத்தார். தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, நிஜ லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டி, பெட்டியை மூடி என்னிடம் நீட்டினார். பஸ் வந்து நின்றது. தனம் ஏறினாள். நான் படியில் கால் வைத்தபோதுதான் பேசினார்.

"ஊருக்கு வந்த லாரி வெறுமனே திரும்பக் கூடாது மாப்ள. பாத்து எறக்குங்க."